பொட்டு வைத்த சர்வர்

செய்யூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கண்ணகி கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். வீட்டு முன்னறையில் எட்டுத் திரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. அதற்குள் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் கிடையாது. வேலை செய்வது, சேர்த்து வைப்பது எல்லாம் படுக்கையறையில் இருக்கும் ஒரே சர்வர்தான். எட்டுக்கும் தனித்தனிக் கம்ப்யூட்டர் வாங்கக் கட்டுப்படியாகாது என்றுதான் இப்படி ஆரம்பித்தாள். ரிப்பேர் என்றாலும் ஒன்றைப் பார்த்தால் போதும்.

சர்வருக்குச் சூடு ஆகாது. வீட்டுக்கு ஏசி வந்ததே அதற்காகத்தான். அதன் தயவில் குடும்பமும் குளுகுளுவென்று தூங்குகிறது. "நம்ம வூட்டு மூத்த புள்ள அதான்" என்பான் கணவன் துரை. மறைமலைநகர் கம்பெனி ஒன்றில் வேலை பார்ப்பவன்.

பூஜை போட்ட சாமானை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதில் கண்ணகி கறார். அதனால் ஆயுதபூஜையன்று ஏழு பெட்டிகளுக்குப் பொட்டு வைத்து, அவசரத்துக்கு ஒன்றை விட்டுவைப்பாள். போன வருஷம் துரை உதவிக்கு வந்தான். உழைப்பது ஒன்றுதானே, எட்டுக்கும் எதற்கு என்று சர்வரை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் சுற்றிவிட்டான். எட்டுத் திரையும் இருட்டு.

கற்பூரம் அணைவதற்குள் சுஷ்மிதா வந்து நின்றாள். நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். முந்தின நாள் முழுக்க விண்ணப்ப சைட் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததாம். அவள் சர்டிபிகேட்டெல்லாம் ஸ்கேன் செய்து சர்வரில்தான் கிடந்தன. அசல் செங்கல்பட்டுக் கல்லூரியில், கல்லூரிக்கு லீவு.

கண்ணகி பூவைப் பார்த்தாள், அந்தப் பெண்ணைப் பார்த்தாள். கை நீளவில்லை.

சுண்டல் தாளித்துக்கொண்டிருந்த மாமியார் செங்கம்மாள் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி நின்னுகினு கீற? ஃப்ரிட்ஜுக்குந்தான் பொட்டு வெச்சேன். அது ஓடிகினுதான கீது?"

"அது வேறம்மா" என்றான் துரை.

"இன்னாடா வேற? பாலு கெட்டுப்பூடும்னு அத்த ஓட வுடுற. இந்தப் பொண்ணு பொழப்பு கெட்டா பரவால்லியா?"

கண்ணகி சரத்தை அலுங்காமல் ஒதுக்கி, சர்வரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஸ்விட்சைப் போட்டாள். முன்னறையில் திரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. விண்ணப்பம் போய்ச் சேர்ந்து ரசீது வந்த பிறகுதான் சுஷ்மிதா உட்கார்ந்தாள். செங்கம்மாள் அவள் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்து, உப்பு சரியா என்று கேட்டாள்.

இந்த வருஷமும் பொட்டு வைத்தது துரைதான். அவசரத்துக்கு ஒன்றை விட்டு, மற்ற ஏழு பெட்டிகளுக்கும் அன்று ஓய்வு என்று கண்ணகி சொல்லிவிட்டாள். சர்வரை ஃப்ரிட்ஜ் கணக்கில் சேர்த்துவிட்டாள். பொட்டு உண்டு, பூ உண்டு, ஓட்டமும் உண்டு.