இரண்டு பேருக்கும் ஒன்றுபோல

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எதை வாங்கினாலும் சோடியாகத்தான் வாங்குவோம். உடையார்பாளையம் பக்கம் முந்திரிக் கொல்லையை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறோம். என் மகளுக்குப் பாவாடை எடுத்தால் கொழுந்தனார் மகளுக்கும் அதே துணியில் ஒன்று. ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அந்த நியாயத்தைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோனோம் பாருங்கள், அதுதான் வினை.

என் மகளுக்கு நாலு வயது நெருங்கியதும் ஜெயங்கொண்டத்தில் எல்கேஜி சேர்த்தோம். கொழுந்தனார் மகள் பத்து மாதம் சின்னவள். அப்போதுதான் மூன்று முடிந்திருந்தது, பால் பாட்டிலைக்கூட விடவில்லை. "பெரியவ போறப்ப இவ மட்டும் வூட்ல ஒக்காந்து அழுவணுமா அண்ணி? ரெண்டும் ஒரே வேன்ல போவட்டும்" என்றார் கொழுந்தனார். நல்ல மனசோடுதான் சொன்னார். அவர் மனைவி மகளின் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

என் மகள் வேனில் ஏறி டாட்டா காட்டுவாள். சின்னவளை அம்மாவிடமிருந்து பிய்த்துத்தான் ஏற்ற வேண்டும். வகுப்பில் தூங்கிவிடுவாள். ஜட்டியை நனைத்துவிடுவாள். பென்சில் பிடிக்க விரல் வளையாது. "இன்னும் ஒரு வருசம் வச்சிருந்து அனுப்புங்கம்மா, தானா வந்துடும்" என்று மிஸ் சொன்னது வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. "அக்காவப் பாரு, எப்படி எழுதுறா!" காலையும் மாலையும் இதே பாட்டு. அந்த வயதில் பத்து மாதம் எவ்வளவு பெரிய தூரம்! அது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

இப்போது இருவரும் நாலாம் வகுப்பு. சின்னவள் நன்றாகவே படிக்கிறாள், சைக்கிளில் என் மகளையே முந்துகிறாள். ஆனால் மிஸ் கேள்வி கேட்டால், பதில் தெரிந்தாலும் முதலில் என் மகள் முகத்தைத்தான் பார்ப்பாளாம்.

போன மாதம் சின்னவளின் தம்பியை எல்கேஜி சேர்க்கும் பேச்சு வந்தது. அவனுக்கும் மூன்றுதான் முடிந்திருக்கிறது. இந்தத் தடவை நான் விடவில்லை. "இப்ப என்ன அவசரம்? அடுத்த வருசம் போவட்டும்" என்றேன். கொழுந்தனார் மனைவியும் "ஆமாக்கா" என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"பெரியம்மா, தம்பி என்னைய மாதிரி மக்கு இல்ல. சேத்து வுடுங்க."

"நீ மக்குன்னு யாருடி சொன்னது? அப்ப நீ சின்னப் புள்ள, அவ்ளோதான்" என்றேன்.

நான் வருத்தப்படக் கூடாதே என்று தலையை ஆட்டினாள். நம்பவில்லை.