மீனுக்குத் தெளித்த தண்ணீர்

மீனுக்கு ஓயாமல் தண்ணீர் தெளிப்போம். எங்கள் வாயில் மட்டும் ஒரு சொட்டு விடமாட்டோம். நொச்சிக்குப்பம் ரோட்டோரம் மீன் விற்கிற பொம்பளைகளான எங்களுக்கு இதுதான் வழக்கம். குடித்தால் ஒன்றுக்குப் போகவேண்டும். எங்கே போவது? இருந்த ஒரே கக்கூஸுக்கும் பூட்டு. ஆம்பளைகள் சுவரைப் பார்த்து நின்றுவிடுவார்கள். நாங்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

அன்று கத்திரி வெயில். பக்கத்துப் பலகையில் என் கூடப்பிறந்த அக்கா. உச்சி வேளையில் சங்கரா கேட்டவருக்கு நெத்திலியை அள்ளிப் போட்டாள்.

"இன்னாக்கா, கண்ணு தெரியலியா?" என்று சிரித்தேன்.

"அம்மா வந்துட்சா?" என்றாள்.

அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம். அக்கா கையைத் தொட்டேன். வேர்வையே இல்லை, அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியாகக் கொதித்தது. அப்படியே பலகைமேல் சரிந்தாள். வாயில் தண்ணீர் ஊற்றப்போன என்னை எதிர்ப்பக்கத்து ஆட்டோக்காரர் தடுத்தார்.

"மயக்கத்துல ஊத்தாதம்மா, பொறையேறிடும். ஒடம்ப குளிர வை!"

மீன் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். ஐஸை அள்ளி அவள் கழுத்திலும் அக்குளிலும் வைத்தேன். மீன் கழுவ வைத்திருந்த தண்ணீரைத் தலையோடு ஊற்றினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. "வஞ்சிரம் என்ன விலை?" என்றார் உள்ளே இருந்தவர். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன்.

ஆட்டோவில் ஆஸ்பத்திரி போகிறவரை ஐஸைத் தேய்த்துக்கொண்டே, "என்ன வுட்டுட்டுப் போயிடாதக்கா" என்று அழுதேன்.

குளுக்கோஸ் பாட்டிலை மாட்டிவிட்டு டாக்டரம்மா சொன்னார்: "ஒடம்புல தண்ணியே இல்ல. இனிமே யூரின் வரணும். வரலைன்னா கிட்னிக்கே ஆபத்தும்மா."

கட்டிலடியில் உட்கார்ந்தேன். காலமெல்லாம் எதை அடக்கினோமோ, அதைக் கொடு தாயே என்று முண்டகக்கண்ணியம்மனிடம் மடிப்பிச்சை கேட்டேன். ஒரு பாட்டில் இறங்கி இன்னொன்று மாட்டினார்கள். ஒன்றும் வரவில்லை.

ஜன்னலில் வெயில் சாயும்போது அக்கா கண்ணைத் திறந்தாள். வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னைக் கிட்டே இழுத்துக் காதில் சொன்னாள்.

"ஒன்னுக்கு வருதுடி. பரவால்ல, இருட்டட்டும். அடக்கிக்கினு கீறேன்."

"வேணாங்க்கா! போயிடு, இப்பவே போயிடு!" என்று வார்டே திரும்பிப் பார்க்க அலறினேன்.