மெரூன் எழுத்தும் ஒரு லைக்கும்

ஒரகடம் பக்கம் எந்த வயல் எந்தத் தேதியில் ஆலையானது என்று வலைப்பூவில் எழுதி வருகிறேன். பழுப்புப் பின்னணியில் வளைந்த மெரூன் எழுத்துகள்தான் என் பாணி. கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஒவ்வொரு பதிவுக்கும் உடனே லைக் போடுவார். அந்த வேகத்தில் எனக்குச் சந்தேகம். ஒருநாள் பதிவைப் படித்துக் காட்டச் சொன்னேன்.

“கல்யாணப் பத்திரிகை மாதிரி கீது சார். பஸ் ஆட்டத்துல ஒண்ணும் தெரியல.”

“அப்புறம் ஏன் லைக்?”

“பக்கத்துல குந்திகினு மூஞ்சியையே பாக்குறீங்களே, போடாம இன்னா பண்றது?”

அன்றே வெள்ளையில் பெரிய கறுப்பு எழுத்துகளாக மாற்றினேன். தேதிக்கு மட்டும் மெரூனை விட்டுவைத்தேன். மறுநாள் பஸ் படப்பை ஊரைத் தாண்டியும் அவர் செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை. லைக்கும் போடவில்லை.

“எங்க வயலு போனது தை மாசம் சார். நீங்க மாசின்னு போட்டுக்கீறீங்க.”

படித்திருக்கிறார் என்று நம்பினேன். மாதத்தை நம்பவில்லை, பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.