மில் முதலாளியின் ‘வீட்டு ஆளுக’

அறுபதுகளின் கடைசியில் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நான் ஃபிட்டர். ஒருநாள் காலை நெல்லை மேலே ஏற்றுகிற எலிவேட்டர் பெல்ட்டில், நெல் அவிக்கிற கருப்பாயியின் வலது கை மாட்டிக்கொண்டது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்துவதற்குள் இரண்டு விரல் போய்விட்டது. அந்த பெல்ட்டுக்குக் கம்பிவலை போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

பத்து ஆள் சேர்ந்தால் மில் ஃபாக்டரி சட்டத்துக்குள் வந்துவிடும். அதனால் ரிஜிஸ்தரில் ஆண்கள் எட்டுப் பேர் மட்டும். நெல் அவிக்கிற, காயப்போடுகிற, புடைக்கிற பெண்கள் ஒருவர் பெயரும் கிடையாது. இன்ஸ்பெக்டர் ஜீப் வந்தால் அவர்கள் பின்வாசல் வழியாகக் கண்மாய்க் கரைக்குப் போய்விட வேண்டும். தப்பித்தவறிக் கண்ணில் பட்டவர்களை “நம்ம வீட்டு ஆளுக” என்று முதலாளி சொல்லிவிடுவார்.

காரைக்குடி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டதோடு அவர் கையைக் கழுவிவிட்டார். கருப்பாயிக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. புருஷன் இல்லாதவள். அவள் கூலியில்தான் இரண்டு பிள்ளைகளும் சாப்பிட்டன. நான் போய்க் கேட்டேன்.

“என்ன ஃபிட்டரே, வெவரம் இல்லாமப் பேசுறீக. ஒருத்தி பேரை எழுதுனா எல்லாரு பேரையும் எழுதணும். லீவு, போனஸு, பி.எஃப்.னு அள்ளிக் குடுத்துட்டு, மில்லைப் பூட்டிட்டு நான் எங்குட்டுப் போறது?”

அந்த மாதம்தான் மகனுக்குப் புதுக் கார் வாங்கியிருந்தார். மறுநாளே மதுரைக்கு பஸ் ஏறி, இன்ஸ்பெக்டர் ஆபீசில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று கருப்பாயி கட்டுப்போட்ட கையோடு கேட்டிலேயே நின்றாள். யார் இந்த அம்மா என்று அவர் கேட்டார். முதலாளி கொஞ்சமும் கூசவில்லை. வீட்டு ஆள்தான், மில்லைப் பார்க்க வந்த இடத்தில் கையை விட்டுவிட்டது என்றார்.

“ஆமாங்கய்யா, வீட்டு ஆளுதான்,” என்றாள் கருப்பாயி. “ஆறு வருசமா இங்குட்டுதான் நெல்லு அவிக்கிறேன். இவுக வீட்டுக்குள்ள மட்டும் ஒருநாளும் விட்டதில்ல.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கண்மாய்க் கரையில் இருந்தவர்களையும் கூப்பிட்டு எல்லார் பெயரையும் எழுதவைத்தார். நஷ்டஈடு வந்தது. எனக்கு வேலை போனது.

ஆள் வைத்தால் செலவு என்கிற புலம்பலை அதன்பிறகு வேலை பார்த்த எல்லா மில்லிலும் கேட்டேன். செலவுதான், யார் இல்லை என்றது? முதலாளி கொடுக்காவிட்டால் அது இல்லாமல் போய்விடுமா? கருப்பாயி இரண்டு விரலாகக் கொடுத்தாள். அதைச் செலவு என்று எந்த முதலாளியும் சொல்லி நான் கேட்டதில்லை.

தம்பிகளா, வேலையில் சேர்ந்த அன்றைக்கே உங்கள் பெயர் ரிஜிஸ்தரில் ஏறிவிட்டதா என்று கேளுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.