மீனம்மாள் சொன்ன நரிக் கதை

மீனம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. இரண்டாம் வகுப்போடு நின்றவள். பஸ்ஸை நிறத்தை வைத்துக் கண்டுபிடிப்பாள், மாத்திரையை அட்டையை வைத்து. அன்னவாசலுக்கு மேற்கே அவள் குடியிருந்த வீட்டுக்குப் புத்தகங்கள் வந்தது பேத்திக்காகத்தான். மருமகள் ஷர்லி புதுக்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் வாங்கிய நாட்டுப்புறக் கதைப் புத்தகங்கள். பக்கத்துக்குப் பக்கம் பெரிய படம், அடியில் இரண்டு வரி எழுத்து. கோடை விடுமுறைக்கு ஓசூரிலிருந்து வந்த பேத்தி அவற்றைத் தொடக்கூட இல்லை. பகலெல்லாம் ஆட்டுக்குட்டியின் பின்னால் திரிந்தாள்.

தொட்டது மீனம்மாள்தான். கட்டிலடியில் கிடந்ததை எடுத்து வைக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்மாயைக் குடித்த நரியின் கதை அது. செம்மண் நிறத்தில் நரி. கரையில் பனைமரங்கள். தண்ணீர் குடிக்கக் குடிக்க நரியின் வயிறு பக்கத்துக்குப் பக்கம் பெருத்தது. நடுப்பக்கத்தை விரித்தால் இரண்டு முழத்துக்கு வயிறு மட்டும்தான். உள்ளே கெண்டையும் கெளுத்தியும் நீந்தின, ஒரு தவளை மேலே வர வழி தேடியது. மீனம்மாள் அந்தத் தவளையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன அத்தை, சிரிக்கிறீங்க?" என்றாள் ஷர்லி.

"இந்த நரியை எனக்குத் தெரியும்டி. கடலைக்காட்டுல களை எடுக்கையில அழகி சொல்லுவா. கடைசியில நண்டு வந்து வயித்துல ஒரு போடு போடும். செத்துக் கெடக்குது பாரு." கடைசிப் பக்கத்தில் நரி கரையில் கண்மூடிக் கிடந்தது.

ஷர்லி எழுத்தைப் பார்த்தாள். "சாகலை அத்தை. மன்னிப்புக் கேட்டுத் தண்ணியைத் துப்பிட்டு நிம்மதியா தூங்குதாம்."

"கண்மாயைக் குடிச்சவனை மன்னிச்சு விட்டா மறு வருசம் எவன் வெதைக்கிறது? எழுதுனவனுக்குக் காடு கரை கெடையாது போல."

ஊருக்குக் கிளம்பும்போது ஷர்லி புத்தகங்களை விட்டுவிட்டுப் போனாள். மீனம்மாள் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால், கூடக் களை எடுத்த அழகி சொன்ன கதைகளில் மீனம்மாளுக்கு ஒரு வேலை இருந்தது. கதை சொல்பவளுக்குப் பக்கத்து வரிசையில் ஒருத்தி ஒவ்வொரு வரிக்கும் "ம்" சொல்ல வேண்டும். ம் நின்றால் கதை நிற்கும். மற்றவர்கள் கேட்டால் போதும். ம் சொல்பவள் மட்டும் தூங்கக் கூடாது, பராக்குப் பார்க்கக் கூடாது. மீனம்மாள் கதை சொன்னதே இல்லை. அவள் ம் சொல்கிறவள்.

கல்யாணத்துக்குப் பிறகும் அதே வேலைதான். புருஷன் ஆண்டியப்பன் மஸ்கட்டில் சாரம் கட்டுபவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வருவார். மீதி நாளெல்லாம் குரல்தான். வெள்ளிக்கிழமை போனில் அவர் பேசிக்கொண்டே போவார். சமையலுக்கு ஆள் மாறியதை, மணல் காற்றை, பக்கத்துப் படுக்கைக்காரனின் குறட்டையை. இங்கே மாமியார் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மீனம்மாள் ம் என்பாள். அடுப்பில் குழம்பு பொங்கும், அவள் கிளறிக்கொண்டே ம் என்பாள். அவர் என்ன சொன்னார் என்று போனை வைத்தபின் யாராவது கேட்டால் பாதி நேரம் அவளுக்குத் தெரியாது.

ஒரு வழியாக வேலையை முடித்துக்கொண்டு அவர் ஊரோடு வந்தார். இனிமேல் நேரில் பேசலாம் என்றிருந்தாள். பேத்தி வந்துபோன கோடைக்கு அடுத்த ஆவணியில், பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கிணற்றடியில் சரிந்தார். மூளையில் இரத்தக்குழாய் அடைப்பு. உயிர் பிழைத்தது. வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கண் திறந்திருக்கும். யாரைப் பார்க்கிறது என்று தெரியாது.

ஒரு மத்தியானம். கஞ்சி கொடுத்து முடித்திருந்தாள். வீட்டின் அமைதி தாங்கவில்லை. நரிப் புத்தகத்தை எடுத்து அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அழகி சொன்ன ராகத்திலேயே ஆரம்பித்தாள்.

"ஒரே ஒரு ஊருல ஒரு நரி இருந்துச்சாம்..."

"ம்" என்றார் ஆண்டியப்பன்.

புத்தகம் கையிலிருந்து நழுவியது. எடுத்தாள். "அதுக்குப் பெரிய தாகமாம்."

"ம்."

வாசலுக்கு ஓடி மீனம்மாள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் பாத்திரம் விளக்கிய கையோடு வந்து நின்றாள். "அடியே, மீனா, பேசிட்டாராடி?"

"கதை கேக்குறாருக்கா. வந்து பாரு."

பிரகதாம்பாள் முன்னாலும் ம் வந்தது. வயிறு விரியும் பக்கத்துக்கு மற்ற பக்கங்களைவிடச் சத்தமாக வந்தது என்று இருவரும் சொன்னார்கள். "மீனைப் பாத்ததும் ஆளு முழிச்சிட்டாரு பாரேன். மனுசன் மீன் கொழம்புக்கு அலையிற ஆளாச்சே" என்றாள் பிரகதாம்பாள். மீனம்மாள் அன்றைக்குத்தான் அழுதாள்.

அதன் பிறகு தினமும் கதை. நரி முடிந்தால் குருவி, குருவி முடிந்தால் பூசணிக்குள் குடியிருந்த கிழவன். எழுத்து தெரியாதது நல்லதாகப் போயிற்று. படத்தில் இருப்பதையெல்லாம் சொல்ல முடிந்தது. மரத்தின் ஓரத்தில் நிற்கும் கொக்கையும் கதையில் சேர்த்தாள், கொக்குக்கு ஒரு சண்டை வைத்தாள். ஒவ்வொரு வரிக்கும் ம் வந்தது.

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்த மகன் வசந்த் அந்த வார இறுதியில் வந்தான். அப்பா ம் சொல்வதைப் போனில் பதிவு செய்தான். திரும்பத் திரும்பக் கேட்டான். புதுக்கோட்டையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் சுகுணா என்ற பெண்ணிடம் நேரம் வாங்கினான். சொன்னது புரிகிறவர்களுக்கு மட்டும்தான் அவள் பயிற்சி கொடுப்பாள். புரிகிறதா என்று முதலில் பார்ப்பாள்.

"புரியாமயா ம் கொட்டுறாரு?" என்றாள் மீனம்மாள். அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். புத்தகத்தை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். வாடகைக் காரில் போனார்கள்.

சுகுணா சின்ன வயதுப் பெண். புத்தகத்தை வாங்கி அழகாயிருக்கிறது என்று சொல்லி முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். பிறகு நரியும் நண்டும் இருக்கிற பக்கத்தை அவர் மடியில் வைத்தாள்.

"ஐயா, நரி எது? இடது கையால காட்டுங்க."

அவர் ஜன்னலைப் பார்த்தார்.

"நண்டு எது?"

ஜன்னல்.

"வேத்தாளு முன்னாடி அவரு இப்படித்தாங்க. கூச்சம்" என்றாள் மீனம்மாள்.

"சரிங்கம்மா. நீங்களே கதை சொல்லுங்க."

சொன்னாள். ம் வந்தது. மீனம்மாள் வசந்தை ஒரு பார்வை பார்த்தாள். சுகுணா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "இப்ப புத்தகத்தை மூடிருங்க. கதையில்லாம வேற எதையாச்சும் அதே மாதிரி இழுத்துச் சொல்லுங்க. பஸ் எங்கெல்லாம் நிக்கும்னு சொல்லுங்களேன்."

"அது என்னத்துக்குங்க?"

"சும்மா சொல்லுங்கம்மா."

மீனம்மாள் சிரித்துக்கொண்டே ஆரம்பித்தாள். "இலுப்பூருலேர்ந்து கெளம்புமாம்..."

"ம்."

"அன்னவாசல்ல நிக்குமாம்..."

"ம்."

"சித்தன்னவாசல் வெலக்குல நிக்குமாம்..."

"ம்" என்றார் ஆண்டியப்பன். நரிக்குச் சொன்ன அதே ம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே மீனம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. இந்த ம் அவளுக்குப் பழக்கமானது. குழம்பைக் கிளறிக்கொண்டு அவளே சொன்னது.

சுகுணா விளக்கியதை வசந்த் கேட்டுக்கொண்டான். ராகத்துக்குப் பதில் சொல்லும் பழக்கம் மூளையில் வேறு இடத்தில் இருக்கும், பேச்சு போனாலும் அது தங்கிவிடுவது உண்டு, வார்த்தை உள்ளே போகவில்லை, இந்த நிலையில் பயிற்சியால் பலன் இராது. ஒவ்வொன்றையும் வருத்தத்தோடுதான் சொன்னாள். மீனம்மாள் புத்தகத்தைப் பையில் வைத்தாள், அவர் வாயோரத்தைத் துடைத்தாள்.

காரில் வசந்த், "திருச்சியில வேற ஆளு இருப்பாங்கம்மா. விசாரிக்கிறேன்" என்றான்.

"பாக்குறவங்க எத்தனை பேரு வேணா இருப்பாங்க. ஒங்கப்பா ஒருத்தருதானேடா."

மறுநாள் மத்தியானம் வசந்த் ஓசூருக்குக் கிளம்பிப் போன பிறகு, மீனம்மாள் கடைசியாக ஒன்று செய்து பார்த்தாள். நரிப் புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, வாயைத் திறக்காமல் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். பனைமரம். குடிக்கும் நரி. வயிற்றை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். கெண்டை, கெளுத்தி, தவளை. கை வலிக்கும்வரை பிடித்தாள். அவர் கண் அதன் மேலேயே இருந்தது, ம் வரவில்லை. இத்தனை நாளும் படத்தையெல்லாம் பார்த்துச் சிரித்தது அவள்தான், அவர் ராகத்துக்கு ம் சொன்னது மட்டும்தான்.

புத்தகத்தைக் கீழே வைத்தாள். வெறும் கையோடு உட்கார்ந்து ராகத்தை எடுத்தாள்.

"ஒரே ஒரு ஊருல ஒரு பொம்பளை இருந்தாளாம்..."

"ம்."

"அவளை அவ புருசனுக்கு யாருன்னு தெரியாதாம்..."

"ம்."

"தெரியாமலே ஒரு நா போயிருவானாம்..."

"ம்" என்றார், கதை கேட்கும் பிள்ளை மாதிரி.

மீனம்மாள் எழுந்தாள். கொல்லைப்புறம் போய்க் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்தாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் கதை இல்லை. அவரைத் திருப்பிப் படுக்க வைத்தாள், குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள். எதையும் பேசாமல் செய்தாள். பேசினால் ராகம் வந்துவிடும், ராகம் வந்தால் அவர் பதில் சொல்லிவிடுவார் என்று பயந்தாள். பிரகதாம்பாள் வந்தால்கூட வாசலிலேயே நிறுத்தி மெல்லிய குரலில் பேசி அனுப்பினாள்.

வசந்த் தினமும் இரவு போன் செய்வான்.

"அப்பா என்னம்மா பண்றாரு?"

"இருக்காரு."

வேறெதுவும் சொல்லமாட்டாள். அவனும் கேட்கமாட்டான்.

தை மாதம் ஒரு காலையில், ஷிப்டுக்குக் கிளம்பி நின்ற வசந்துக்கு அவளே போன் செய்து, "அப்பா போயிட்டாருடா" என்றாள்.