ஆயாக் கொட்டகையும் இரும்பு மனுஷியும்

எனக்கு வாய் நீளம். அது அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். என் அக்காவுக்கோ வாய் இருக்கிறதா என்றே பலருக்குச் சந்தேகம். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போதே, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தானா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டார்கள். ஆமாம், நாக்கு முழுவதும் எனக்கே வந்துவிட்டது என்று சொன்னேன். அக்கா அதற்கும் சிரிக்கவில்லை.

சிங்கப்பூருக்கு வடக்கே, செடெனாக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நானும் அக்காவும் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே வீட்டில் இருந்தோம். நான் பால்மரம் சீவப் போவேன். அக்கா ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டாள். விடியற்காலை, வேலைக்கு ஆளெண்ணும் பிரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகும் முன், தாய்மார்கள் தூக்கம் கலையாத குழந்தைகளைக் கொண்டுவந்து அவளிடம் போடுவார்கள். கொட்டகையின் உத்திரத்தில் வரிசையாகத் தூளிகள் தொங்கும். யார் வீட்டுப் புடவை எந்தத் தூளி என்பது அக்காவுக்கு மனப்பாடம். அவள் கொஞ்சமாட்டாள், தாலாட்டுப் பாடமாட்டாள். ஆனால் பசியோடு எந்தக் குழந்தையும் அழுததில்லை, ஈரத்துணியோடு எந்தக் குழந்தையும் கிடந்ததில்லை.

அத்தான் இந்தச் சீமைக்கு வந்த மறு வருஷமே போய்ச் சேர்ந்தார். அவர் விட்டுப்போன ஒரே பெண் குழந்தையையும் காய்ச்சல் கொண்டுபோனது. அன்றைக்கு நான் தலையில் அடித்துக்கொண்டு அழுது மயங்கி விழுந்துவிட்டேன். நான் கண் விழித்தபோது குழந்தையை மண்ணில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். லயத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். அக்கா அந்த வட்டத்தில் உட்காரவில்லை. கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பெற்றவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று லயம் முழுக்கப் பேசியது. சாயந்திரமானால் மட்டும் ஆற்றங்கரைப் பக்கம் குழிமேட்டுக்குப் போய், முளைத்திருக்கிற லாலான் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவாள். அந்தப் புல்லை ஒரு நாள் விட்டால் மறுநாள் நம் முழங்காலைத் தொடும்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் சினிமா வந்தது.

மாரியம்மன் திருவிழாவுக்குத் துரை ஏற்பாடு செய்த சினிமா. ரப்பர் ஸ்டோரைக் காலி பண்ணி, ஜன்னல்களில் கோணிச்சாக்கு அடித்து, பட்டப்பகலில் இருட்டாக்கினார்கள். ரப்பர் வாடை போகவேயில்லை. அப்போதெல்லாம் படம் பேசாது. நடுநடுவே இங்கிலீஷ் எழுத்து வரும். அதைத் தமிழில் சொல்வதற்குச் சிங்கப்பூரிலிருந்து ஒரு ஆள் வந்திருந்தான். கையில் பிரம்பு, தலையில் பாகை. அவனுக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும் என்பது அந்த மாரியாத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

படத்தில் ஒரு பெரிய பட்டணம். அங்கே மனிதர்களுக்கு நடுவில் இரும்பு மனிதர்களும் வாழ்கிறார்கள். நம்மைப் போலவே தோல், நம்மைப் போலவே நடை. கடைக்குப் போகிறார்கள், மோட்டார் ஓட்டுகிறார்கள். எது மனிதன், எது இரும்பு என்று யாருக்கும் தெரியாது. சர்க்கார் ஆட்கள் துப்பாக்கி எடுத்துக்கொண்டு அவர்களைத் தேடுகிறார்கள். மோட்டாரை மோட்டார் துரத்துகிறது, பாலம் இடிந்து விழுகிறது, ஓடுகிற ரயிலின் தலையில் நின்று சண்டை போடுகிறார்கள். ஸ்டோரே விசில் அடித்தது. நானும் கத்தினேன், சும்மா சொல்லக்கூடாது.

கடைசியில் ஒரு பணக்கார வீடு. அங்கே குழந்தை பார்க்கிற ஆயா ஒருத்தி. சண்டையில் வீடு பற்றிக்கொள்கிறது. எல்லாரும் வெளியே ஓடி வரும்போது அவள் மட்டும் உள்ளே போகிறாள். திரும்பி வரும்போது கையில் குழந்தை. அவளுடைய பாதி முகத்துத் தோல் வெந்து விழுந்து, உள்ளே சக்கரம் சுற்றுகிறது. பிரம்புக்காரன் குதித்துவிட்டான்.

“மகா ஜனங்களே, பாருங்கள்! இத்தனை நாளும் இவள் இரும்பு! கண்ணில் ஒரு சொட்டு நீர் உண்டா? குழந்தையைத் திருடிக்கொண்டு ஓடுகிறாள் பாதகி! தீர்ந்தாள், இதோ தீர்ந்தாள்!”

துப்பாக்கிகள் புகைந்தன. அவள் குழந்தையைத் தரையில் வைத்துவிட்டுச் சாய்ந்தாள். ஸ்டோர் முழுக்கக் கைதட்டல். அந்தச் சத்தத்தில், எங்கள் லயத்தின் கடைசி வீட்டுக்காரி சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. “நம்ம ஆயா மாதிரியே இல்ல?” நாலு பேர் சிரித்தார்கள். அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

சிரிப்போடு போயிருந்தால் நான் இதை எழுதியிருக்கமாட்டேன். திருவிழா முடிந்து பிரட்டு மறுபடி தொடங்கிய அன்று, கடைசி வீட்டுக்காரி தன் தலைச்சன் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மரம் சீவ வந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி, பிறகு இன்னொருத்தி. ரப்பர் மரங்களுக்கு நடுவே தூளி கட்டினார்கள். குழந்தைகளைச் செவ்வெறும்பும் கொசுவும் பிடுங்கின. மழை வந்தால் தூளியோடு நனைந்தன. கொட்டகையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் போனேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். இங்கிலீஷ் படித்தவர், அன்று முன்வரிசையில் உட்கார்ந்து படம் பார்த்தவர்.

“அந்த இங்கிலீஷ் எழுத்தை நான் வாசிச்சனான் பிள்ளை,” என்றார். “அவள் பிள்ளையைக் காப்பாத்தத்தான் நெருப்புக்குள்ள போனவள். அந்தாள் வாயில வந்ததையெல்லோ சொன்னவர்.”

“அப்ப அங்கேயே எந்திரிச்சுச் சொல்றதுக்கு என்னாங்கய்யா?”

“படம்தானே எண்டு இருந்திட்டன்.”

படம்தானே! நான் லயத்துக் குழாயடியில் நின்று அவர் சொன்னதைக் கத்திச் சொன்னேன். ஒருத்தி கூட மசியவில்லை. “டிரெஸ்ஸருக்கு மருந்து கலக்கத் தெரியும்டி. படத்த நாங்க கண்ணால பாத்தோம்ல?” என்றார்கள். கண்ணால் பார்த்தவர்களோடு யார் வாதாட முடியும்?

அது ரப்பர் விலை விழுந்த காலம். வேலை இல்லாதவர்களைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் கங்காணி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் பொல்லாதவர் இல்லை. அன்று அவர் குரல் இறங்கியிருந்தது.

“கொட்டாய் காலியாக் கெடக்குது, ஆயா எதுக்குன்னு தொரை கேக்குறாரு. இந்த மாசத்துக்குள்ள புள்ளைங்க வரலேன்னா அடுத்த கப்பல்ல ஒன் அக்கா பேரு. மரம் சீவவும் இப்ப ஆள் எடுக்க மாட்டாங்க. நான் சொல்லிப் பாத்துட்டேம்மா.”

ஊருக்குப் போவதில் அக்காவுக்குப் பயமில்லை. ஆனால் குழிமேட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. அன்றிரவு அவள் எனக்குச் சோறு எடுத்துப் போட்டாள், தான் சாப்பிடவில்லை.

மறுநாள் மானத்தை விட்டுக் கடைசி வீட்டுக்காரியிடம் போய்க் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள். “ஒங்கக்கா பெத்த புள்ள செத்தப்பவே அழல. மாரியாத்தா கோயில் வாசல்ல ஒக்காந்து எங்க முன்னால ஒரு ஒப்பாரி வைக்கட்டும். மனுஷிதான்னு நம்பிப் புள்ளைய விடுறோம்.”

அக்காவிடம் வந்து சொன்னேன். கெஞ்சினேன். வெங்காயத்தைக் கசக்கியாவது அழு என்றேன்.

“செத்த புள்ளைய வச்சு நான் வேஷம் கட்டணுமா?” என்றாள்.

“கட்டுக்கா! கட்டாட்டி நீ கப்பல்ல போயிருவே. ஒன் புள்ளைய லாலான் மூடிரும்.”

அவள் எழுந்து குழிமேட்டுக்குப் புல் பிடுங்கப் போனாள். அவள் கோயில் வாசலுக்குப் போகவில்லை.

மாசம் முடிவதற்குள் கடைசி வீட்டில் காய்ச்சல் புகுந்தது. குழந்தைக்குத்தான். காட்டுக் கொசு. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், மருந்து கொடுத்தார்கள், காய்ச்சல் நிற்கவில்லை. ஒரு மத்தியானம் குழந்தையைத் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

லயமே அந்த வீட்டில் கூடியது. தகப்பன் தூணில் தலையை மோதிக்கொண்டான். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி எடுத்தார்கள். நானும் உட்கார்ந்தேன். செத்தது பச்சைப் பிள்ளை, அதன் மேல் எனக்கென்ன கோபம்? கடைசி வீட்டுக்காரி குழந்தையை மார்போடு இறுக்கி ஆடிக்கொண்டிருந்தாள். பொழுது சாய ஆரம்பித்தது. அடுத்து ஆக வேண்டியதைச் செய்ய ஒருவர் கையும் நீளவில்லை.

அப்போது அக்கா உள்ளே வந்தாள். ஒரு கையில் வெந்நீர்ப் பானை, இன்னொரு கையில் மஞ்சளும் வெள்ளைத் துணியும். ஒப்பாரி அப்படியே நின்றது. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

“குடு, குளிப்பாட்டணும்,” என்றாள்.

கடைசி வீட்டுக்காரி கொடுக்கவில்லை. வெறித்துப் பார்த்தாள்.

“எல்லாரும் அழுதா புள்ளைய யாரு குளிப்பாட்டுறது?” என்று அக்கா கேட்டாள். “அன்னிக்கும் எல்லாரும் அழுதீங்க. என் புள்ளைய நான்தான் குளிப்பாட்டுனேன்.”

கங்காணி வீட்டம்மா செய்திருப்பாள் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நான் மயங்கிக் கிடந்த அந்த நேரத்தில் என் அக்கா, ஐயோ, ஒருத்தியாக உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறாள்.

கடைசி வீட்டுக்காரியின் கை தானாகத் தளர்ந்தது. அக்கா குழந்தையை வாங்கிக் கால்மேல் போட்டுக்கொண்டாள். பானையில் பச்சைத் தண்ணீர் கலந்தாள். முழங்கையை உள்ளே விட்டுச் சூடு பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் ஊற்றினாள், மறுபடி முழங்கையை விட்டுப் பார்த்தாள். உயிரோடு இருக்கிற குழந்தைக்குப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். காது மடலுக்குப் பின்னால் துடைத்தாள், விரலிடுக்கில் துடைத்தாள், துணி சுற்றினாள், கன்னத்தில் மையால் ஒரு பொட்டு வைத்தாள். பிறகு குழந்தையைத் தாயின் மடியில் திருப்பி வைத்தாள்.

“இப்ப அழு,” என்றாள்.

கடைசி வீட்டுக்காரி குழந்தையின் மேல் விழவில்லை. அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விழுந்தாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்போதும் அவள் கண்ணில் நீர் இல்லை. அது யார் கண்ணுக்கும் அன்று தெரியவில்லை.

மறுநாள் பிரட்டுக்கு முன்னாலேயே கொட்டகையில் குழந்தைகளின் சத்தம் கேட்டது. தாய்மார்கள் ஒவ்வொருத்தியாக வந்து தூளி கட்டிவிட்டுப் போனார்கள். கங்காணி எட்டிப் பார்த்துவிட்டு நேரே துரை பங்களாவுக்கு நடந்தார். அக்கா பேர் கப்பலுக்குப் போகவில்லை.

துக்கம் கழிந்து கடைசி வீட்டுக்காரி ஒரு சாயந்திரம் கொட்டகைக்கு வந்தாள். கையில் தன் குழந்தையின் தூளிப் புடவை, துவைத்து மடித்தது.

“வேற புள்ளைக்குக் கட்டுங்கக்கா,” என்றாள்.

அக்கா அதை வாங்கி, உத்திரத்தில் காலியாக இருந்த இடத்தில் அப்போதே கட்டினாள். இழுத்துப் பார்த்தாள், முடிச்சு சரியாக இருந்தது. பிறகு குழிமேட்டுக்குப் புல் பிடுங்கக் கிளம்பினாள். அங்கே இப்போது இரண்டு சின்ன மேடுகள் இருந்தன. கடைசி வீட்டுக்காரியும் கூடவே நடந்தாள்.