இருபது சென்ரிமீற்றருக்குக் கீழே

காடு அவளிடம் தபாலில்தான் வரும். செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மட்டைப்பெட்டி. அதற்குள் பழுப்புக் காகிதப் பைகள், ஒவ்வொன்றின் மீதும் நிலத்துண்டின் இலக்கம். கனகாம்பிகை பெட்டியைத் திறந்து, சவர அலகால் தண்டுகளைக் குறுக்காகச் சீவி, சாயத்தில் தோய்த்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றி, நுணுக்குக்காட்டியின் கீழ் வளையங்களை எண்ணுவாள். வருடத்துக்கு ஒரு வளையம். லண்டன் நகர நடுவில் ஓர் ஆராய்ச்சிக் கூடம், அதன் நிலக்கீழ் அறை, ஆறு வருடங்களாக இதே வேலை. பெட்டி வரும் அந்தத் தெற்கு வேல்ஸ் மலைக்கு அவள் ஒரு தடவைகூடப் போனதில்லை.

போகாததற்குக் காரணம் புதன்கிழமை. அவள் 1999இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அகதி விண்ணப்பம் போட்டவள். அது மறுக்கப்பட்டது. மேன்முறையீடு போட்டாள். அது எந்த அலுமாரியில் கிடக்கிறது என்று எட்டு வருடமாக எவரும் சொல்லவில்லை. வேலை செய்ய அனுமதித்தார்கள். பதிலுக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு புதன் குடிவரவு அலுவலகத்தின் நிலையத்தில் கையெழுத்து வைக்க வேண்டும்; ஒவ்வோர் இரவும் குட்மேய்ஸில் இருக்கும் அண்ணன் வீட்டு முகவரியில்தான் தூங்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் பிடித்து அடைக்கலாம். 'அடைக்கலாம்' என்பதுதான் கடிதத்தில் இருக்கும் சொல். 'அடைப்போம்' என்று எழுதியிருந்தால் மனிதர் ஒரு முடிவுக்கு வந்திருப்பார்கள். 'அடைக்கலாம்' என்பது ஆளைத் தானே தன்னைக் காவல் காக்க வைக்கும். செலவு குறைந்த சிறை அது.

ஆகவே மற்றவர்கள் வான் வண்டியில் ஏறி ஒரு கிழமை மலையில் தங்கிவிட்டு, சப்பாத்தில் சேறும் கன்னத்தில் வெயிலுமாகத் திரும்பி வருவார்கள். பேராதனையில் விவசாயப் பட்டம் எடுத்தவள் நிலக்கீழ் அறையில் அவர்களுடைய பைகளுக்குச் சிட்டை ஒட்டுவாள்.

மலையில் நடந்துகொண்டிருந்தது ஒரு நீண்ட பரிசோதனை. ஐம்பது வருடங்களுக்கு முன்னால் அங்கே ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரத்தை மட்டும், பட்டாளம் நிறுத்தினாற்போல் வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். முற்றியதும் மலையை மொட்டையாக வெட்டி, திரும்பவும் ஸ்புரூஸ் நடுவது அந்த ஊர் வழக்கம். வெட்டிய வருடம் மழை பெய்தால் மண் முழுக்க ஓடைக்குள் போகும். ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவி பியற்றிஸ் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கேள்வி கேட்டாள்: மூன்றில் ஒரு ஸ்புரூஸை மட்டும் எடுத்து வெளிச்சம் விட்டால் ஓக், பேர்ச், ரோவன் போன்ற அகன்ற இலை மரங்கள் தாமாக முளைக்குமா? இரண்டு வகையும் கலந்து நிற்கிற காடு ஒன்று, எவரும் நடாமல், உருவாகுமா? மலைக்குச் சொந்தமான கம்பனி பன்னிரண்டு வருடத் தவணை கொடுத்தது.

2007ஆம் ஆண்டு கோடையில் தவணை முடிந்தது. மாணவர்கள் போய் எண்ணினார்கள். ஸ்புரூஸ் நாற்று புல்லைப்போல் அடர்த்தியாக முளைத்திருந்தது. அகன்ற இலை மரக் கன்றுகள் மலை முழுவதிலும் ஒன்பது. நிழல் கூடிவிட்டது, இங்கே கலப்புக் காடு வராது என்று அறிக்கை எழுதத் தொடங்கினார்கள். குளிர்காலத்தில் மொட்டையாக வெட்டப் போவதாகக் கம்பனி அறிவித்தது.

செப்டெம்பரில் ஏழாம் இலக்க நிலத்துண்டிலிருந்து மண் சோதனைக்கென்று பாசிக்கட்டி ஒன்று வந்தது. பாசியைப் பிரிக்கும்போது அதற்குள் ஒரு குச்சி அகப்பட்டது. விரல் நீளம்தான். குப்பைக்கூடைக்குக் கொண்டுபோனவள் கையை நிறுத்தினாள். விரல் நீளக் குச்சிக்கு அடி இவ்வளவு தடிக்காது. அடிப்பாகம் பென்சிலளவு இருந்தது. வேரும் தண்டும் சந்திக்கும் இடத்தில் சீவி, தகட்டில் வைத்துப் பார்த்தாள். நெருங்கி நெருங்கி மயிரிழை வளையங்கள். மூன்று தடவை எண்ணினாள். தகட்டை எடுத்துக்கொண்டு படியேறிப் பியற்றிஸின் கதவைத் தட்டினாள்.

"ரோவன். பதினொரு வயது."

பியற்றிஸ் சிரித்தாள். "கனகா, இது போன வசந்தத்தில் முளைத்தது. என் சுண்டுவிரல்கூட இதைவிட உயரம்."

"அப்படியென்றால் உங்கள் சுண்டுவிரலைச் சீவி எண்ணுவோம். முதலில் இதை எண்ணுங்கள்."

பியற்றிஸ் எண்ணினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் எண்ணினாள். அதன் பிறகு அவள் சிரிக்கவில்லை.

பிழை மாணவர்களுடையதல்ல. படிவத்தில் இருந்தது. 'இருபது சென்ரிமீற்றருக்குக் குறைந்தவற்றை எண்ண வேண்டாம்' என்று பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பியற்றிஸே எழுதியிருந்தாள். குட்டையாக இருப்பது இந்த வருடத்து முளை, அடுத்த வருடம் செத்துப்போகும் என்பது காட்டு ஆராய்ச்சிக்காரரின் பழக்கம். பழக்கம் என்றாலும் மூடநம்பிக்கை என்றாலும் ஒன்றுதான்; வெள்ளை அங்கி போட்டுக்கொண்டால் அதற்கு மரியாதை கூடிவிடாது. கனகாம்பிகை கேட்டபடி குட்டைக் கன்றுகளாகப் பொறுக்கி அனுப்பினார்கள். நாற்பத்து மூன்று பைகள். ஆறு வயதுக்குக் குறைந்தது ஒன்றுகூட இல்லை. மூத்த ஓக்குக்குப் பன்னிரண்டு. ஸ்புரூஸைக் குறைத்து வெளிச்சம் விட்ட முதல் வருடமே முளைத்தது. எல்லாவற்றிலும் நுனி கடிபட்டிருந்தது, ஒரு தடவையல்ல, வருடா வருடம். மான். முள்ளாகக் குத்தும் ஸ்புரூஸை மான் தொடாது; தளிரான ரோவனையும் ஓக்கையும் விடாது. வெளிச்சம் போதாமல் இல்லை. காடு வராமலும் இல்லை. வந்து, எவருடைய கணக்கிலும் ஏறாமல் நின்றது.

"பத்தாம் திகதி மலையில் கம்பனியின் முகாமையாளரோடு கடைசிக் கூட்டம், பின்னேரம் மூன்று மணிக்கு," என்றாள் பியற்றிஸ். "அந்த ஆளுக்குக் காகிதத்தில் நம்பிக்கை இல்லை. நிலத்திலிருந்து பிடுங்கி, அவர் கண்முன்னால் வெட்டி எண்ணிக் காட்ட வேண்டும். இங்கே அதைச் சரியாகச் செய்கிறவள் நீ ஒருத்தி. வா."

"பத்தாம் திகதி புதன்கிழமை," என்றாள் கனகாம்பிகை.

கையெழுத்துப் புதன். கூட்டத்தை மாற்ற முடியாது. முகாமையாளர் அடுத்த நாள் வெளிநாடு போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இதுதான் பேச்சு. அண்ணன் தியாகராஜா பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்துவந்து, சட்டையைக்கூட மாற்றாமல் சாப்பாட்டு மேசையில் இருந்தார்.

"எட்டு வரியத்தை ஒரு குச்சிக்காக எறியப் போறியோ? அது வெள்ளைக்காரன்ர காடு. வெட்டினா என்ன, விட்டா என்ன?"

"வெட்டினாப் பிறகு நான் சொன்னது சரியோ பிழையோ எண்டு ஆருக்கும் தெரியாது அண்ணை. அதுக்கு என்ன வயசெண்டு எண்ணினது நான்."

"எண்ணினனி சரி. அதுக்காக உன்னைக் கொண்டுபோய் உள்ளுக்கை போட்டாங்கள் எண்டால்? நானே வந்து மானோட கதைக்கிறது?"

அண்ணி மாலினி குழம்புச் சட்டியோடு வந்தாள். "மச்சாள், வால்தம்ஸ்டோ பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துவிடுவம். எல்லாம் சரிவரும்."

"போன வரியம் உடைச்ச நூற்றெட்டுக்கே இன்னும் பதில் வரேல்லை மச்சாள். அங்கயும் மேன்முறையீட்டிலதான் கிடக்கு போல."

தியாகராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, "போகாதை," என்றார்.

திங்கட்கிழமை அவள் சேகருக்கு ரெலிபோன் எடுத்தாள். ரெய்னர்ஸ் லேனில் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தராக இருப்பவன். அவளுடைய கோப்பைப் பார்ப்பவன்.

"அக்கா, சுகமில்லை எண்டு ஒரு டொக்டர் துண்டு எடுப்பம். எல்லாரும் செய்யிறதுதான்."

"எனக்குச் சுகம்தானே. பொய் எழுத ஏலாது. உள்ளதை எழுதும். ஆராய்ச்சிக் கூட்டம், ஒரு பகல், இரவுக்கு வீட்டை வந்திடுவன். கையெழுத்தை அடுத்த நாள் வைக்க விடச் சொல்லிக் கேளும். பியற்றிஸின்ர கடிதத்தையும் இணையும்."

"நீங்கள் சொன்னா எழுதுறன். ஆனா பதில் வராட்டில் போகாதேங்கோ."

பதில் வரவில்லை. அவள் நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். நிலையம் ஒன்பது மணிக்குத் திறக்கும். முதல் ஆட்களில் ஒருத்தியாகக் கையெழுத்து வைத்தால் பேடிங்டனில் பத்தே முக்கால் ரயில் பிடிக்கலாம். இரண்டரை மணித்தியாலம். அங்கிருந்து கார். மூன்றுக்கு மலை.

புதன் காலை ஆறரைக்கே வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர். கதவு திறந்ததும் காவலாளி அவள் பையைக் கிளறினான். காகிதத்தில் சுற்றிய ஆறு குச்சிகளை எடுத்து மேசையில் வைத்தான்.

"என்ன இது?"

"மரங்கள்."

அவன் குச்சிகளையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஒன்றை மோந்தும் பார்த்தான். கைத்தொலைபேசியை வழக்கம்போல் வாங்கிப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு உள்ளே விட்டான். சவர அலகை அவள் கொண்டுவரவில்லை. அந்த அளவுக்கு உலகம் தெரியும்.

ஒன்பது பத்துக்குக் கண்ணாடி ஜன்னலின் முன் நின்றாள். உள்ளே இருந்தவன் பெயரைத் தட்டினான். திரையைப் படித்தான். கையெழுத்துத் தாளை நீட்டவில்லை. "அந்த அறையில் இருங்கள்," என்றான்.

அறையில் நாலு கதிரைகளும் ஒரு கடிகாரமும் இருந்தன. கதவுக்கு உட்பக்கம் கைபிடி இல்லை. பத்து மணி. பத்தே முக்கால், ரயில் போயிற்று. பதினொன்றே முக்காலுக்கு ஒன்று உண்டு, அதில் போனாலும் கூட்டத்தின் வாலையாவது பிடிக்கலாம். அதுவும் போயிற்று. எவரும் அவளைத் திட்டவில்லை, அதட்டவில்லை. ஒருத்தி வந்து தண்ணீர் வேண்டுமா என்றுகூடக் கேட்டாள். இந்த நாட்டில் அநீதி மிகவும் பணிவாகப் பேசும்.

ஒன்றரை மணிக்கு ஓர் அதிகாரி வந்தார். கையில் சேகர் அனுப்பிய கடிதம்.

"லண்டனை விட்டுப் போக விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள்."

"ஒரு பகலுக்கு. அதற்கு அனுமதி கேட்டிருக்கிறேன்."

"அங்கே யாரைத் தெரியும்?"

"ஒருவரையும் தெரியாது."

"ஒருவரையும் தெரியாத இடத்துக்கு ஏன் போகிறீர்கள்?"

அவள் காகிதத்தை விரித்துக் குச்சிகளைக் காட்டினாள். வயதைச் சொன்னாள், மானைச் சொன்னாள், படிவத்தின் பிழையைச் சொன்னாள். தன் எட்டு வருடத்தில் இப்படித் தெளிவாக அந்தக் கட்டடத்தில் அவள் பேசியதில்லை. அதிகாரி குறுக்கிடாமல் கேட்டார். கேட்டுவிட்டு, 'அங்கே தொடர்பு எவரும் இல்லை' என்று எழுதினார். இனிக் கிழமைக்கு ஒரு தடவை, ஒவ்வொரு புதனும், கையெழுத்து வைக்க வேண்டும் என்று ஒரு தாளைக் கொடுத்தார்.

வெளியே வரும்போது மூன்றடிக்கப் பத்து நிமிடம். கைத்தொலைபேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, காலையில் வரிசையில் நின்ற நடைபாதையிலிருந்து பியற்றிஸுக்கு எடுத்தாள்.

"எங்கே நிற்கிறாய்? அவர் வந்துவிட்டார்."

"லண்டனில். வரமாட்டேன். காரணம் பிறகு. ஏழாம் துண்டில் நிற்கிறீர்களா? நின்றால் தெரியாது, முழங்காலில் இருங்கள். ஓடைப் பக்கமாகப் பாசியை விரலால் பிரியுங்கள்."

பஸ் ஒன்று இரைந்துகொண்டு போனது. மற்றக் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இருக்கிறது. ஒன்று. இரண்டு. கடவுளே, நிறைய."

"பிடுங்க வேண்டாம், உடையும். மண்ணைத் தோண்டுங்கள். தண்டு வேராக மாறும் இடம், அங்கே வெட்டுங்கள். சரிவாக வெட்டினால் வளையம் அகலமாகத் தெரியும். எச்சில் தொட்டுத் தடவுங்கள். உருப்பெருக்கியை அவரிடம் கொடுங்கள். நீங்கள் எண்ண வேண்டாம், அவர் எண்ணட்டும்."

தூரத்தில் ஓர் ஆண் குரல் முணுமுணுத்தது. எட்டு வரை அவளுக்குக் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது. திரும்ப எடுத்தாள், கிடைக்கவில்லை. அரை மணித்தியாலம் அந்தச் சுவரோரம் நின்று பத்துத் தடவை எடுத்திருப்பாள். பிறகு குட்மேய்ஸ் ரயிலைப் பிடித்தாள். வேறு எங்கே போவது?

வெள்ளிக்கிழமைதான் முழுதும் தெரிந்தது. முகாமையாளர் நாலு கன்றுகளைத் தானே தோண்டி எண்ணினாராம். மலையின் மேற்குப் பாதியை வெட்டாமல் விட்டு, மான் நுழையாதபடி வேலி போட்டு, இன்னும் ஐந்து வருடம் பார்ப்பது என்று முடிவு. கிழக்குப் பாதிக்கு ஏற்கெனவே வெட்டுக்காரருடன் ஒப்பந்தம். அது டிசம்பரில், நத்தாருக்கு முன் விழும். அந்தப் பாதியிலும் பதினொரு வயது, பன்னிரண்டு வயதுக் கன்றுகள் உண்டு. பியற்றிஸ் புதிய எண்ணிக்கைப் படிவத்தை அவளிடம் எழுதத் தந்தாள். உயரம் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் 'அடியின் தடிப்பு' என்று ஒரு கட்டம் போட்டாள் கனகாம்பிகை. இருபது சென்ரிமீற்றர் என்ற வரியை அடித்துவிட்டாள்.

"நீ வந்து நின்றிருந்தால் முழு மலையும் கிடைத்திருக்கும்," என்றாள் பியற்றிஸ். ஆறுதலாகச் சொல்ல நினைத்திருப்பாள். கனகாம்பிகை அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த புதன் கண்ணாடி ஜன்னலின் முன் கையெழுத்தை வைத்துவிட்டு அவள் நகரவில்லை.

"இரண்டு கிழமைக்கு ஒன்றாக இருந்தது ஏன் ஒவ்வொரு கிழமையும் ஆனது? காரணத்தை எழுதித் தாருங்கள்."

"கையெழுத்து வாங்குவதுதான் என் வேலை. அடுத்தவர்."

"எழுதித் தரும்வரை நிற்கிறேன்."

வரிசை நெளிந்தது. பின்னால் ஒரு குரல், "அக்கா, எனக்குப் பத்து மணிக்கு வேலை. சண்டையைப் பிறகு பிடியுங்கோவன்," என்றது.

அவள் திரும்பவில்லை. "ஒரு நிமிசம் பொறுங்கோ தம்பி. எனக்கு எழுதினா, நாளைக்கு உங்களுக்கும் எழுதத்தான் வேணும்."

காவலாளி இரண்டடி முன்னே வந்து நின்றான். உள்ளே இருந்தவன் எழுந்து போனான். பன்னிரண்டு நிமிடங்கள். திரும்பிவந்து, முத்திரை குத்திய ஒரு துண்டைக் கண்ணாடியின் கீழ்ப் பிளவால் தள்ளினான். 'விண்ணப்பதாரி பயணம் செய்யும் விருப்பத்தை எழுத்தில் தெரிவித்துள்ளார்.' அவ்வளவுதான்.

அன்று பின்னேரமே அதைச் சேகருக்கு வாசித்துக் காட்டினாள். அவன் விசிலடித்தான்.

"இதைத் தங்கட கையாலேயே எழுதித் தந்தவங்களோ? அக்கா, அனுமதி கேட்டதுக்குத்தான் தண்டனை எண்டு ஒத்துக்கொண்டிருக்கிறாங்கள், இதை வைச்சு வழக்குப் போடலாம். எவ்வளவு காலம் எடுக்கும் எண்டு மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ."

"நான் கேக்கேல்லை," என்றாள் கனகாம்பிகை. "வழக்கைப் போடும்."